கீபோர்டுக்குள் ஒரு கம்ப்யூட்டர் ஒளிந்திருக்கிறது, தெரியுமா?

நீங்கள் தினமும் தட்டும் கீபோர்டில் ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்தை அச்சிட்ட விசை ஒன்று இருக்கிறதே, அந்த விசைக்கு ‘ஏ’ என்றால் என்னவென்றே தெரியாது, தெரியுமா? அது கம்ப்யூட்டருக்கு அனுப்புவது 4 என்ற எண்ணை மட்டும்தான்! ‘பி’ 5, ‘இசட்’ 29, என்டர் 40, ஸ்பேஸ் 44. யூ.எஸ்.பி. விதிகள் அப்படித்தான் எழுதி வைத்திருக்கின்றன. வந்து சேர்ந்த 4-ஐ எந்த எழுத்தாகத் திரையில் காட்டுவது என்பது விண்டோஸ், லினக்ஸ் வகையறாக்களின் பாடு. ஆங்கில அமைப்பில் அது ‘ஏ’. பிரெஞ்சு அமைப்பில் அதே 4, ‘க்யூ’ ஆகிவிடுகிறது. தமிழ்99 போட்டிருந்தால் ‘அ’!

அப்படியானால் எந்த விசையைத் தட்டினால் எந்த எண் போக வேண்டும் என்று முடிவு செய்வது யார்? கீபோர்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அதற்குள் ஓடும் நிரலுக்குத்தான் ஃபர்ம்வேர் என்று பெயர். சாதாரணமாகக் கடையில் வாங்கும் கீபோர்டில் அது பூட்டிய பெட்டி. ஆனால் பல கீபோர்டுகளில் அந்தப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டு, உங்கள் விரல்களுக்கு ஏற்றபடி நீங்களே எழுதிப் போடலாம். காசு கொடுக்க வேண்டியதில்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை. க்யூ.எம்.கே. என்ற திறமூல ஃபர்ம்வேர் இன்று ஆயிரக்கணக்கான கீபோர்டு மாதிரிகளுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது!

இந்தக் கதை எங்கே ஆரம்பித்தது தெரியுமா? இணையத்தில் ‘ஹாசு’ என்று அறியப்படும் ஜப்பானியர் ஒருவர் டி.எம்.கே. என்ற ஃபர்ம்வேரை எழுதினார். அதன் பெரிய பயன்களில் ஒன்று, பழைய கீபோர்டுகளுக்கு மறுவாழ்வு கொடுப்பது. 1980-களின் ஐ.பி.எம். கீபோர்டுகள் அசைக்க முடியாத உழைப்பாளிகள். ஆனால் அவை பேசும் மொழி யூ.எஸ்.பி.க்கு முந்தையது. நடுவில் ஒரு சிப்பை வைத்து மொழிபெயர்க்கச் செய்துவிட்டால், நாற்பது வயது கீபோர்டு நேற்று வாங்கிய லேப்டாப்போடு சகஜமாகப் பேசும்! பிறகு ஜாக் ஹம்பர்ட் என்ற அமெரிக்கர் டி.எம்.கே.யை எடுத்துத் தன் சிறிய கீபோர்டுக்காக வளர்த்தார். ‘குவாண்டம் மெக்கானிக்கல் கீபோர்டு’ என்று குறும்பாகப் பெயர் வைத்தார். அதன் சுருக்கம்தான் க்யூ.எம்.கே.

இதன் உரிமம் ஜி.பி.எல். அதாவது இதை மாற்றித் தன் கீபோர்டில் ஏற்றி விற்கும் நிறுவனம், மாற்றிய மூலநிரலையும் தர வேண்டும். தராத நிறுவனங்களின் பெயர்களை க்யூ.எம்.கே. ஆவணத்தில் ஒரு தனிப் பக்கம் போட்டே பட்டியலிட்டிருக்கிறார்கள்! கீபோர்டு வாங்கும் முன் அந்தப் பட்டியலைப் பார்ப்பது நல்லது என்பது என் கட்சி. அதில் இருக்கும் மாதிரியை வாங்கினால் நாளை திருத்தம் செய்ய மூலநிரல் கைக்குக் கிடைக்காது.

அந்தக் குட்டிக் கம்ப்யூட்டர் எவ்வளவு குட்டி? பல கீபோர்டுகளில் இருக்கும் ஏ.டி.மெகா32யூ4 என்ற சிப்பில் நிரலுக்கு 32 கிலோபைட் இடம். வேலை செய்யும் நினைவகம் வெறும் 2.5 கிலோபைட்! யுனிகோடில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் என்று கணக்குப் போட்டால், திருக்குறளில் இரண்டு அதிகாரங்கள்கூட அந்த நினைவகத்தில் முழுதாக அடங்காது. இதற்குள்தான் நாம் பார்க்கப் போகும் வித்தைகள் அத்தனையும் நடக்கின்றன. 2021-ல் வந்த ராஸ்ப்பெரி பை நிறுவனத்தின் ஆர்.பி.2040 சிப்பில் 264 கிலோபைட் நினைவகம். கீபோர்டு உலகில் அது அரண்மனை.

104 விசை இருந்தால் சிப்புக்கு 104 கம்பி போக வேண்டாமா? வேண்டாம்! விசைகளைக் குறுக்கில் 6, நெடுக்கில் 18 என்று கட்டமாகக் கோத்தால் 24 கம்பியே போதும். சிப்பு ஒவ்வொரு வரிசையாக மின்சாரத்தை வைத்து, எந்த நெடுக்குக் கம்பியில் அது எட்டிப் பார்க்கிறது என்று ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான முறை தேடுகிறது. இதில் ஒரு பேய்க் கதையும் உண்டு. செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால், யாரும் தொடாத நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதாகத் தெரியும்! மின்சாரம் சுற்றுவழியில் புகுந்து வருவதால் வரும் வினை. பெயரே ‘கோஸ்ட்டிங்’தான். பேயை ஓட்ட ஒவ்வொரு விசைக்கும் ஒரு டையோடு. மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் அந்தச் சின்னக் கண்ணாடிக் குழாய் இருந்தால் நான்காவது மூலை வாயைத் திறக்காது.

இன்னொன்று. நீங்கள் ஒரு தடவை தட்டியதை உலோகத் தகடுகள் ஒரு தடவையாகச் சொல்வதில்லை! அவை ஒன்றோடொன்று மோதித் துள்ளும். அப்படியே விட்டால் ஒரு ‘க’ கேட்ட இடத்தில் நாலு ‘க’ வந்து நிற்கும். அதனால் ஃபர்ம்வேர் சற்றுப் பொறுத்து, துள்ளல் அடங்கியதா என்று பார்த்துவிட்டுத்தான் எண்ணை அனுப்புகிறது. க்யூ.எம்.கே.யில் அந்தப் பொறுமை இயல்பாக 5 மில்லிசெகண்ட். பழசாகிப்போன சுவிட்ச் இரட்டை இரட்டையாக எழுத்து போடுகிறதா? சால்டரிங் இரும்பைத் தேடும் முன் இந்த எண்ணை 8 அல்லது 10 என்று ஏற்றிப் பாருங்கள். பல நேரங்களில் அதோடு தீர்ந்தது.

இப்போது உண்மையான கொண்டாட்டம்: அடுக்குகள்! ஹம்பர்ட்டின் பிளாங்க் கீபோர்டில் 4 வரிசை, 12 நெடுக்கு, அவ்வளவுதான். எண்களுக்கு வரிசையே கிடையாது. எஃப்1 முதல் எஃப்12 வரை கிடையாது. பிறகு எப்படி வேலை நடக்கும்? ஒரு விசையைக் கட்டைவிரலால் பிடித்தால் போதும், மொத்தக் கீபோர்டும் வேறு கீபோர்டாகிவிடும்! மேல் வரிசை எண்களாகும், வலக்கையின் கீழே அம்புக்குறிகள் முளைக்கும், இடக்கையில் ஒலியைக் கூட்டும் குறைக்கும் விசைகள் வரும். விரலை எடுத்தால் பழையபடி எழுத்துகள். இப்படி 32 அடுக்குகள் வரை அடுக்கலாம். ஆனால் நாலைந்துக்கு மேல் போனவர்கள் எதை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

ஷிப்ட் விசை செய்வதும் இதேதான், யோசித்துப் பாருங்கள்! அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1970-களின் இறுதியில் லிஸ்ப் இயந்திரங்களுக்காக டாம் நைட் வடிவமைத்த ‘ஸ்பேஸ் கேடட்’ கீபோர்டில் கன்ட்ரோல், மெட்டா, சூப்பர், ஹைப்பர் என்று ஷிப்ட் மாதிரியான விசைகள் ஏழு வகை இருந்தன. அதன் நினைவாக க்யூ.எம்.கே.யில் ஒரு வசதிக்கே அந்தப் பெயர்: இட ஷிப்டைத் தட்டிவிட்டு உடனே எடுத்தால் திறப்பு அடைப்புக்குறி, வல ஷிப்டைத் தட்டினால் மூடும் அடைப்புக்குறி, பிடித்தால் வழக்கமான ஷிப்ட்.

தட்டினால் ஒன்று, பிடித்தால் ஒன்று. இங்கேதான் ஃபர்ம்வேரின் மிக நுட்பமான தீர்ப்பு நடக்கிறது! ஒரு விரல் இறங்கியதும், இது தட்டலா பிடித்தலா என்று சிப்பு எப்படிக் கண்டுபிடிக்கும்? நேரத்தை வைத்துத்தான். க்யூ.எம்.கே.யில் இயல்பான எல்லை 200 மில்லிசெகண்ட். அதற்குள் விரலை எடுத்தால் தட்டல், தாண்டினால் பிடித்தல். இதை வைத்து கேப்ஸ் லாக்கைத் தட்டினால் எஸ்கேப், பிடித்தால் கன்ட்ரோல் என்று மாற்றுவதுதான் எல்லாரும் செய்யும் முதல் சீர்திருத்தம். கேப்ஸ் லாக் அத்தனை நல்ல இடத்தில் உட்கார்ந்துகொண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அதுவும் தவறுதலாக, வேலை செய்வதை எவ்வளவு காலம் பொறுப்பது?

துணிந்தவர்கள் இன்னும் ஒரு படி போகிறார்கள். விரல்கள் ஓய்வெடுக்கும் நடு வரிசையில் ஏ, எஸ், டி, எஃப் விசைகளைப் பிடித்தால் முறையே விண்டோஸ், ஆல்ட், கன்ட்ரோல், ஷிப்ட் ஆகிவிடும்படி வைக்கிறார்கள். வலக்கையிலும் இதன் பிரதிபிம்பம். சுண்டுவிரலை மூலைக்கு நீட்டும் வேலையே ஒழிந்தது! கேட்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் வேகமாகத் தட்டுபவர்களுக்கு ஒரு எழுத்தின் விரல் மேலே வரும் முன்பே அடுத்த விரல் கீழே போய்விடும். அப்போது சிப்பு குழம்பி, எழுத வேண்டிய இடத்தில் கோப்பைச் சேமிக்கும், ஜன்னலை மூடும். போதாக்குறைக்கு, தட்டலா பிடித்தலா என்று தெரியும் வரை எழுத்தும் திரைக்கு வராது. இதற்கு வைத்தியங்கள் உண்டு. ‘பெர்மிசிவ் ஹோல்டு’ போட்டால், ஒரு விசை கீழே இருக்கும்போதே இன்னொரு விசை முழுதாக இறங்கி ஏறினால்தான் எல்லை நேரத்துக்கு முன்பே பிடித்தல் என்று தீர்ப்பாகும். ‘கார்டல் ஹோல்டு’ இன்னும் கெட்டிக்காரத்தனம்: இரண்டு விசைகளும் ஒரே கையைச் சேர்ந்தவையா, அப்படியானால் அது எழுத்துதான்! எதிர்க்கையாக இருந்தால்தான் ஷிப்ட், கன்ட்ரோல் பேச்சே. என்னைக் கேட்டால், கட்டைவிரல் அடுக்கில் ஆரம்பியுங்கள். நடு வரிசையை முதல் வாரத்திலேயே தொட்டவர்கள் பலர் பழைய கீபோர்டுக்கே திரும்பியிருக்கிறார்கள்.

எழுதியதை எப்படி ஏற்றுவது? நிரல் எழுதத் தெரியாதவருக்கு விஐஏ, வியல் போன்ற செயலிகள். திரையில் கீபோர்டின் படம் வரும். விசையைச் சொடுக்கி வேண்டியதைத் தேர்ந்தால் அந்த நொடியே மாறிவிடும். எழுதத் தெரிந்தவர் க்யூ.எம்.கே. கருவிகளை நிறுவி, தன் கீபோர்டின் பெயரில் ஒரு புதிய விசைவரைபடக் கோப்பை உண்டாக்கி, சி மொழியில் திருத்தி, தொகுக்க வேண்டும். தொகுத்த கோப்பு சிப்புக்குள் போக, கீபோர்டை ‘பூட்லோடர்’ நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். பல மாதிரிகளில் எஸ்கேப்பைப் பிடித்துக்கொண்டு யூ.எஸ்.பி. கம்பியைச் செருகினால் போதும். ஆர்.பி.2040 சிப்பு வைத்தவை இன்னும் ஆச்சரியம்: கீபோர்டு ஒரு பென் டிரைவாக மாறித் திரையில் வந்து நிற்கும்! கோப்பை இழுத்து அதில் போட்டால் பென் டிரைவ் மறைந்து, கீபோர்டு புது அவதாரத்தில் எழும். புரோ மைக்ரோ என்ற சிறு மின்சுற்றுப் பலகை வைத்தவற்றில் மட்டும் கொஞ்சம் அவசரம். ரீசெட்டை இரண்டு முறை சடசடவென்று தொட்டதும் 8 நொடி அவகாசம், அதற்குள் ஏற்றியாக வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். ‘நிரல் பெரிதாகிவிட்டது’ என்று தொகுப்பான் மறுத்தால் பதற வேண்டாம். முன்பு சொன்ன ஏ.டி.மெகா32யூ4 சிப்பின் 32 கிலோபைட்டில் 4 கிலோபைட்டைப் பூட்லோடரே எடுத்துக்கொள்கிறது. பயன்படுத்தாத வண்ண விளக்கு வித்தைகளை அணைத்து, எல்.டி.ஓ. என்ற சுருக்கும் முறையை இயக்கினால் அநேகமாக இடம் கிடைத்துவிடும். இரண்டாவது, பலரைத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது: விஐஏ போட்ட கீபோர்டில் புது வரைபடத்தை ஏற்றுவீர்கள், ஒன்றுமே மாறியிருக்காது! விஐஏ தன் வரைபடத்தை ஈப்ராம் என்ற தனி நினைவகத்தில் வைத்திருக்கிறது. அதை அழித்தால்தான் புதியது கண்ணில் படும்.

தமிழில் தட்டுபவர்களுக்கு ஒரு செய்தி, இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 34, 36 விசை கொண்ட மிகச் சிறிய கீபோர்டுகளில் ஒவ்வொரு கைக்கும் ஐந்து நெடுக்கு, மூன்று வரிசை, கட்டைவிரலுக்கு இரண்டு மூன்று விசை. ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழ்99-க்கு? நம் அமைப்பில் சதுர அடைப்புக்குறி விசைகளில் ‘ச’வும் ‘ஞ’வும், மேற்கோள் விசையில் ‘ய’வும் இருக்கின்றன. அந்த விசைகளே சிறிய கீபோர்டில் கிடையாது! ‘ச’வும் ‘ய’வும் இல்லாமல் ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள், தெரியும். ஃபர்ம்வேரில் இதற்கு அழகான தீர்வு ‘காம்போ’: இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் மூன்றாவது ஒன்று. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் யூ, ஐ இரண்டையும் ஒன்றாக அழுத்தினால் சதுர அடைப்புக்குறியின் எண் போகட்டும் என்று ஒரு வரி எழுதிவிட்டால் ‘ச’ வந்துவிடும். இன்னொரு ஜோடிக்கு ‘ய’. மொழி மாற்றும் விண்டோஸ்-ஸ்பேஸ் கூட்டை ஒரு கட்டைவிரல் விசையில் போட்டு, அதே தட்டலில் தமிழுக்கான அடுக்கும் மாறும்படி செய்தால் ஆங்கிலமும் தமிழும் ஒரு தட்டலுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்.

கீபோர்டே நேராகத் தமிழ் எழுத்தை அனுப்பாதா? யூ.எஸ்.பி. விதிகளின் விசை எண்களில் தமிழ் எழுத்துகளுக்கு இடம் இல்லை. ஆனால் க்யூ.எம்.கே. ஒரு தந்திரம் செய்கிறது! லினக்ஸில் கன்ட்ரோல், ஷிப்ட், யூ மூன்றையும் அழுத்தி, எழுத்தின் யுனிகோடு எண்ணைப் பதினாறடிமானத்தில் தட்டினால் எழுத்து வரும். ‘அ’வுக்கு சுழியம், பி, எட்டு, ஐந்து. அத்தனையையும் கீபோர்டு உங்களுக்காகக் கண்ணிமைக்கும் நேரத்தில் தட்டிவிடும். ‘கீ’ போன்ற உயிர்மெய்க்கு ‘க’ ஒரு முறை, நெடில் குறி ஒரு முறை என இரண்டு சுற்று. ஓரிரு அபூர்வ எழுத்துக்கு இது சரி. கட்டுரை எழுத தமிழ்99-தான்.

இதையெல்லாம் பார்த்தீர்களா, இன்னும் இருக்கிறது! ஒரு கையில் அடிபட்டவருக்கு ‘ஸ்வாப் ஹேண்ட்ஸ்’: ஒரு விசையைப் பிடித்தால் கீபோர்டு கண்ணாடியில் பார்த்ததுபோல இடம் வலம் மாறிவிடும், ஒரே கையால் முழு எழுத்தும்! ஆங்கிலத்தில் வழக்கமாகத் தவறும் சொற்களைக் கீபோர்டே திருத்துமாம், நம்புவீர்களா? சிப்பு நீங்கள் தட்டுவதைக் கவனித்து, தவறைக் கண்டதும் தானே பேக்ஸ்பேஸ் அடித்துச் சரியான எழுத்தைப் போடும். எந்தச் செயலியில் எழுதினாலும் இது வேலை செய்யும், ஏனென்றால் செயலிக்கு இந்தச் சங்கதியே தெரியாது. பழைய தட்டச்சு இயந்திரத்தின் ‘தடக்’கை விரும்புபவர்கள் கீபோர்டுக்குள் சோலனாய்டு என்ற மின்காந்தச் சுத்தியலை வைக்கலாம். ஒவ்வொரு தட்டலுக்கும் அடிக்கும்! அதை ஆதரிக்கும் நிரல் க்யூ.எம்.கே.யிலேயே இருக்கிறது. பக்கத்தில் உட்காருபவரின் சம்மதம் மட்டும் நீங்கள் வாங்க வேண்டும். எந்த விசையை அதிகம் அடிக்கிறீர்களோ அது சூடேறிச் சிவக்கும்படி விளக்கு எரிய வைக்கலாம். நீதிமன்றச் சுருக்கெழுத்தர்கள் பயன்படுத்தும் ஸ்டெனோ முறைக்கும் ஆதரவு உண்டு. பிளோவர் என்ற திறமூலச் செயலியோடு சேர்த்தால் சாதாரணக் கீபோர்டே ஸ்டெனோ கருவி. கனடாவின் ப்ளூப்பி என்ற நிறுவனம் இந்தக் கீபோர்டு ஃபர்ம்வேரைப் போட்டு மவுஸே விற்கிறது!

எஃப்12-க்குப் பிறகு எஃப்13 முதல் எஃப்24 வரை யூ.எஸ்.பி. விதிகளில் இருக்கின்றன, தெரியுமா? எந்தக் கடைக் கீபோர்டிலும் அநேகமாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். எந்தச் செயலியும் அவற்றைச் சொந்தம் கொண்டாடாததால், குறுக்குவழிகளுக்கு இதைவிடச் சுத்தமான நிலம் கிடையாது. ஒரு மேக்ரோ விசைக்கு எஃப்13-ஐக் கொடுத்து, விண்டோஸில் உங்கள் வேலையை அதோடு கட்டிவிடுங்கள்.

மேக்ரோவில் கடவுச்சொல்லை வைத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டவே வேண்டாம்! கீபோர்டைக் கையில் எடுப்பவர் யாராக இருந்தாலும் ஒரு தட்டலில் அது திரையில் கொட்டிவிடும், மூலநிரலைப் பகிர்ந்தால் உலகத்துக்கே தெரியும். க்யூ.எம்.கே. ஆவணமும் இது மகா மோசமான யோசனை என்று கண்டிக்கிறது. இதன் மறுபக்கத்தையும் பாருங்கள்: கீபோர்டு என்று அறிமுகம் செய்துகொள்ளும் எதையும் கம்ப்யூட்டர் கேள்வி கேட்காமல் நம்புகிறது. பென் டிரைவ் வடிவில் வந்து கீபோர்டாக நடித்துக் கட்டளைகளைத் தட்டிவிடும் தாக்குதல் கருவிகள் அந்த நம்பிக்கையைத்தான் உண்டு வாழ்கின்றன. முகம் தெரியாதவர் தொகுத்துக் கொடுத்த ஃபர்ம்வேரையும் அதே கண்ணோடு பாருங்கள்.

கம்பியில்லாமல் வேண்டுமா? அதற்கு இசட்.எம்.கே. என்ற இன்னொரு ஃபர்ம்வேர் இருக்கிறது. அது பிறந்ததே ஓர் உரிமச் சிக்கலால்தான். சிப்பு நிறுவனங்களின் புளூடூத் நிரல்கள் மூடியவை, ஜி.பி.எல். உரிமம் கொண்ட க்யூ.எம்.கே.யோடு அவற்றைச் சேர்த்து வெளியிடச் சட்டம் இடம் கொடாது. அதனால் தளர்வான எம்.ஐ.டி. உரிமத்தில், செஃபிர் என்ற குட்டி இயங்குதளத்தின் மேல் 2020 வாக்கில் இசட்.எம்.கே.யைப் புதிதாகக் கட்டினார்கள். இடக்கைப் பாதி, வலக்கைப் பாதி என்று இரண்டாகப் பிரிந்த கீபோர்டில் இரு பாதிகளும் தங்களுக்குள் புளூடூத்தில் பேசிக்கொள்ளும்! ஒரு பாதி தலைமை ஏற்றுக் கம்ப்யூட்டரோடு பேசுவதால் அதன் பேட்டரி மட்டும் சீக்கிரம் இறங்கும்.

கடைசியாக ஒரு வேடிக்கை. கன்ட்ரோல், ஷிப்ட், ஆல்ட், விண்டோஸ் நான்கையும் ஒரே விசையில் திணித்து ‘ஹைப்பர்’ என்று வைப்பது இந்த ஆர்வலர்களின் பழக்கம். விண்டோஸை விட்டு மற்ற மூன்றை மட்டும் சேர்த்தால் அதன் பெயர் ‘மெஹ்’, அலுத்துக்கொள்ளும் ஒலி! யாரும் தொடாத கூட்டு இது என்று நிம்மதியாக இருந்தார்கள். மைக்ரோசாஃப்ட் தன் கீபோர்டுகளில் ‘ஆபீஸ்’ விசை என்று ஒன்றைப் புதிதாக வைத்தபோது அது உள்ளே அனுப்பியது என்ன தெரியுமா? இதே நான்கின் கூட்டு! அதனால் இன்றும் விண்டோஸில் ஹைப்பரோடு ‘டபிள்யூ’வை அழுத்தினால் வேர்டு திறக்கும், ‘எக்ஸ்’ அழுத்தினால் எக்ஸெல் திறக்கும். ‘எல்’ அழுத்தினால், நீங்கள் எந்த அவசர வேலையில் இருந்தாலும், லிங்க்ட்இன் வந்து குதிக்கும்.